குழாய் உப்பிலிருந்து எலும்பு மாத்திரை வரை: ஒரு மருந்தின் ஒன்றரை நூற்றாண்டுக் கதை



உங்கள் வீட்டு ஷவரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். துளைகளைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். கீசர் காயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போர்வெல் தண்ணீரில் வாழ்கிற எந்த வளாகத்துக்கும் இது பழகிய தொல்லைதான். இந்தப் படிவு ஆர்.ஓ. இயந்திரத்தின் மென்படலத்தை அடைத்துவிடாமல் இருக்க 'ஆன்டிஸ்கேலன்ட்' என்று ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலப்பார்கள். அதற்கான கேன் செலவு எல்லாச் சங்கங்களின் கணக்கிலும் இருக்கும்.

இப்போது உங்கள் வீட்டு மருந்து டப்பாவையும் திறந்து பாருங்கள். அம்மாவுக்கோ மாமியாருக்கோ, எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று சொல்லி வாரத்துக்கு ஒன்று என டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருக்கிறதா? அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட் என்று '-ட்ரோனேட்' என முடிகிற ஏதோ ஒரு பெயர் அட்டையில் இருக்கும்.

ஆர்.ஓ. கேனில் இருக்கும் திரவமும் அந்த மாத்திரையும் பல சமயங்களில் ஒரே ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பத்தின் பெயர் பிஸ்பாஸ்போனேட். அதில் மூத்ததான எடிட்ரோனேட், சில குளியல் சோப்புகளின் உறையில் 'டெட்ராசோடியம் எடிட்ரோனேட்' என்று பொடி எழுத்தில் இன்றும் இருக்கிறது. மனிதருக்குக் கொடுக்கப்பட்ட முதல் பிஸ்பாஸ்போனேட் மருந்தும் அதேதான். (அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறதா என்று பதற வேண்டாம். கலக்கும் அளவு மிகச் சிறியது. அதிலும் பெரும்பகுதியை மென்படலம் தடுத்துக் கழிவு நீரோடு அனுப்பிவிடும்.)

குழாய் அடைப்பைத் தடுக்க வந்த பொருள் பாட்டியின் இடுப்பெலும்பைக் காக்க வந்தது எப்படி? நம் வளாகத்தில் வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்பதால் இந்தக் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. இதை அறிந்தவர்களுக்கு, அந்த மாத்திரையை ஏன் அவ்வளவு கெடுபிடியோடு சாப்பிடச் சொல்கிறார்கள், ஏன் சில ஆண்டுகளில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

கல்லாகும் மரம், கல்லாகாத உடம்பு

இரும்பையிலிருந்து வண்டியில் சற்று நேரம் போனால் திருவக்கரை. அங்குள்ள கல்மரப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சொல்லப்படும் மரங்கள் அங்கே முழுக் கல்லாகிக் கிடக்கின்றன. தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் புகுந்து, இம்மி இம்மியாகப் படிந்து, மரம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் உடம்பையும் இப்படி யோசித்துப் பாருங்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் எந்நேரமும் கரைந்தே இருக்கின்றன. எலும்பிலும் பல்லிலும் மட்டும் அவை படிந்து இறுகுகின்றன. தோலும் தசையும் ரத்தக் குழாயும் ஏன் கல்லாவதில்லை? 1960-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் கேட்ட கேள்வி இது. இந்த மருந்தின் வரலாறு அந்தக் கேள்வியிலிருந்துதான் வேகம் பிடிக்கிறது. பொருள் மட்டும் அதற்கு நூறு ஆண்டு முன்பே வந்துவிட்டது.

1865: வேலை தெரியாத உப்பு

1865-இல் நிகோலாய் மென்ஷுட்கின் என்ற ரஷ்ய வேதியியலாளர் இந்தக் குடும்பத்தின் முதல் பொருளைத் தயாரித்தார். 1897-இல் ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயரும் ஹோஃப்மானும் எடிட்ரோனேட்டைத் தயாரித்தார்கள். இந்தப் பேயருக்கு 1905-இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் சாயப் பொருட்கள் குறித்த வேறு ஆய்வுகளுக்காக. இந்த உப்பால் மனிதருக்கு ஆகக்கூடிய காரியம் எதுவும் அன்று யாருக்கும் தெரியாது.

பின்னர் தொழிற்சாலைகள் இதன் குணத்தைக் கண்டுகொண்டன. இந்தப் பொருள் சுண்ணாம்பைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புப் படிகம் வளரத் தொடங்கும்போதே அதன் மேல் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் தடுத்துவிடும். அதனால் கொதிகலன், குழாய், துணி ஆலை, எண்ணெய்க் கிணறு, சலவைத்தூள் என்று உப்பு படிந்து தொல்லை தந்த இடங்களுக்கெல்லாம் இது போய்ச் சேர்ந்தது.

டாவோஸில் விழுந்த முடிச்சு

ஃப்ளைஷ் முதலில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் நியூமனோடு வேலை செய்தார். பிறகு நாடு திரும்பி, முன்பு காசநோய் விடுதிகளுக்குப் பேர்போன டாவோஸ் மலையூரில் ஆய்வுக்கூடம் நடத்தினார். உடம்புக்குள்ளேயே படிவைத் தடுக்கிற ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று தேடி, 1962-இல் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். அதுதான் பைரோபாஸ்பேட்.

குழாய்களில் சுண்ணாம்பு படியாமலிருக்கத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே பாலிபாஸ்பேட்டுகளைப் பயன்படுத்தி வந்தன. பைரோபாஸ்பேட் அவற்றுக்குத் தம்பி முறை. தொழிற்சாலை கண்டுபிடித்த தந்திரத்தை உடம்பு காலம் காலமாகச் செய்து வந்திருக்கிறது. சில வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் கண்ணாடிக் குண்டு போல ஆன்டிஸ்கேலன்ட் உருண்டைகள் போடுவார்களே, அவையும் பாலிபாஸ்பேட்தான்.

அப்படியானால் பைரோபாஸ்பேட்டையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஊசியாகப் போட்டபோது வேலை செய்தது. வாய்வழி கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிட்டது. இரண்டு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் அணு பாலம் போல நிற்கிறது. உடம்பின் நொதிகள் அந்தப் பாலத்தைச் சுலபமாக அறுத்துவிடும்.

தேவைப்பட்டது, அறுக்க முடியாத ஒரு பாலம். சலவைத்தூளும் பற்பசையும் தயாரிக்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் மேரியன் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர் இருந்தார். அவர்கள் கையில் இருந்த பாஸ்போனேட்டுகளில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் இருந்தது. அதை உடம்பின் எந்த நொதியாலும் அறுக்க முடியாது. ஃப்ளைஷ், ஃபிரான்சிஸ், இங்கிலாந்தைச் சேர்ந்த கிரஹாம் ரசல் ஆகிய மூவரும் 1969-இல் 'சயின்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். இந்தப் பொருட்கள் தேவையற்ற இடத்தில் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கின்றன என்றது முதல் கட்டுரை. அது எதிர்பார்த்ததுதான். எலும்பு கரைவதையும் அவை தடுக்கின்றன என்றது இரண்டாவது. பின்னால் மருத்துவ உலகம் கொண்டாடியது அந்த இரண்டாவது செய்தியை.

முதல் நோயாளிகள்

இந்த மருந்தை முதலில் பெற்றது எலும்பு மெலிந்த பாட்டி அல்ல, ஒரு குழந்தை. தசையும் தசைநாரும் மெல்ல மெல்ல எலும்பாக மாறிவிடும் மிக அரிய நோய் அந்தக் குழந்தைக்கு. அதற்கு எடிட்ரோனேட் கொடுத்த விவரம் 1969-இல் 'லான்செட்' இதழில் வந்தது.

அடுத்தது பேஜட் நோய். லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1876-இல் விவரித்த நோய் இது. எலும்பு கட்டுப்பாடில்லாமல் கரைந்து, கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, வளைந்து தடித்துவிடும். பிரிட்டனில் இவர்களுக்கு எடிட்ரோனேட் கொடுத்துப் பலன் கண்ட செய்தி 1971-இல் வெளியானது. 1977-இல் அமெரிக்க அரசு அந்த மருந்துக்கு அனுமதி அளித்தது. இந்த நோய் நம் நாட்டில் அரிது. ஆனாலும் வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்து வருகின்றன.

எடிட்ரோனேட்டில் ஒரு குறை இருந்தது. அளவு கூடினால் நல்ல எலும்பில் சுண்ணாம்பு இறுகுவதையும் தடுத்துவிடும். அதனால் படிவைத் தடுக்கும் குணம் குறைந்து, கரைவதைத் தடுக்கும் குணம் கூடிய புதிய மருந்துகளைத் தேடினார்கள். பமிட்ரோனேட், அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் என்று வரிசையாக வந்தன. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோயுள்ள குழந்தைகளுக்குப் பமிட்ரோனேட் கொடுத்ததில் வலியும் முறிவும் குறைந்ததைக் கனடாவின் மான்ட்ரியல் மருத்துவர்கள் 1998-இல் அறிவித்தார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கும் இந்த மருந்துகள் பெரிய ஆறுதலாக அமைந்தன.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. எலும்பு எங்கே வேகமாக மாறுகிறதோ அங்கே போய் ஒட்டும் குணத்தை வைத்துப் படம் எடுக்க முடியும் அல்லவா? அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் வேலை செய்த கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் 1971-இல் கதிரியக்க டெக்னீசியத்தைப் பாலிபாஸ்பேட்டோடு சேர்த்து எலும்புப் படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1975-இல் சுப்பிரமணியன் குழு பாலிபாஸ்பேட்டுக்குப் பதிலாக ஒரு பிஸ்பாஸ்போனேட்டைப் பயன்படுத்தியது. இன்று 'போன் ஸ்கேன்' எடுக்கும்போது போடும் ஊசி பெரும்பாலும் அதுவே.

கொத்துகிறவர்களும் பூசுகிறவர்களும்

மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது? நம் வளாகத்தில் நடந்த சுவர்ப் பூச்சு வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட பழைய பூச்சை ஒரு குழு கொத்தி எடுக்கும். பின்னாலேயே இன்னொரு குழு வந்து புதிதாகப் பூசும். எலும்பிலும் இப்படித்தான். ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அமிலம் விட்டுக் கரைக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. ஓர் இடத்தைக் கொத்தி முடிக்க இரண்டு மூன்று வாரம் போதும். பூசி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் கொத்துகிறவர்களின் கை ஓங்கிவிடுகிறது. பூசுகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. சுவர் மெலிகிறது. இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். மூட்டுத் தேய்மானம் என்று நாம் சொல்லும் முழங்கால் வலி வேறு, இது வேறு. மூட்டுத் தேய்மானம் வலியைக் கொடுத்து முன்பே சொல்லிவிடும். இது எலும்பு உடைகிறவரை வாயே திறக்காது.

பிஸ்பாஸ்போனேட் சுவருக்குள் கலந்து காத்திருக்கிறது. கொத்துகிற செல் எலும்பைக் கரைக்கும்போது மருந்தையும் சேர்த்து விழுங்குகிறது. விழுங்கியதும் அதன் சக்தி போய்விடுகிறது. அலெண்ட்ரோனேட் போன்ற புதிய மருந்துகள் அந்தச் செல்லுக்குள் எந்த இடத்தில் கை வைக்கின்றன என்பது 1990-களின் இறுதியில்தான் தெளிவானது. கொழுப்பைக் குறைக்க நம்மில் பலர் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை தடுக்கிற அதே ரசாயனப் பாதையில், சற்றுத் தள்ளி இன்னொரு நொதியை இவை தடுக்கின்றன. மருந்து உலகத்தில் பல சமயம் இப்படித்தான். பலன் முதலில் தெரியும், காரணம் முப்பது ஆண்டு கழித்துத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவி 1980-களின் இறுதியில் வந்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம், டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று வரையறுத்தது. 1995-இல் அலெண்ட்ரோனேட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு வெளியான பெரிய ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு இருந்த 2,027 பெண்களிடம், மருந்து சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2000-இல் தினசரி மாத்திரைக்குப் பதில் வாரம் ஒரு மாத்திரை வந்தது. நம் வீடுகளில் 'ஞாயிற்றுக்கிழமை மாத்திரை' என்று பெயர் வாங்கியது இதுவே. 2007-இல் ஆண்டுக்கு ஒரு முறை சொட்டு மருந்தாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் வந்தது. மூன்று ஆண்டு ஆய்வில் அது முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது.

நம் நாட்டில் இந்த மாத்திரைகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்கே தரவில்லை. 2005-இல் அது மாறியது. அலெண்ட்ரோனேட் போன்றவை அதற்கு வெகு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை என்பதால் இந்திய நிறுவனங்கள் அவற்றைத் தயாரித்து விற்க முடிந்தது.

நெல்லூர் சொன்ன பாடம்

அடர்த்தி கூடினால் போதும், எலும்பு பலமாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. இதற்கான பாடம் நம் பழைய சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது. 1937-இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகியோர், அன்று மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகும் கழுத்தும் விறைத்துப்போன மக்களைப் பற்றி எழுதினார்கள். காரணம் கிணற்று நீரில் இருந்த ஃபுளூரைடு. இந்தியாவில் எலும்பு ஃபுளூரோசிஸ் நோயைப் பற்றிய முன்னோடி ஆய்வு அது. நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கதையும் இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே காரணம்.

ஃபுளூரைடு எலும்பை அடர்த்தியாக்குகிறது என்பதைப் பார்த்து, அதையே மருந்தாக்கலாம் என்று சிலர் முயன்றார்கள். 1990-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் முடிவை வெளியிட்டது. நான்கு ஆண்டில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவோ கூடியிருந்தது. அடர்த்தி காட்டும் எண் வேறு, எலும்பின் உறுதி வேறு. பிஸ்பாஸ்போனேட்டுகள் நிலைத்து நின்றதற்குக் காரணம், ஸ்கேன் எண்ணைக் கூட்டியதோடு நிற்காமல் முறிவையும் குறைத்துக் காட்டியதுதான்.

தீப்பெட்டித் தொழிலாளியின் தாடை

2003-இல் மயாமி நகர வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பமிட்ரோனேட் அல்லது சோலெட்ரோனிக் அமிலம் பெற்ற 36 பேருக்குத் தாடை எலும்பு செத்து வெளியே தெரிந்திருந்தது. பெரும்பாலானோர் அதிக அளவு மருந்து பெற்ற புற்றுநோயாளிகள்.

மருத்துவ வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழைய பேய் திரும்பி வந்தது போல இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளிகளுக்கும் இப்படித்தான் தாடை அழுகியது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னணியில் இந்த நோயும் இருந்தது. அந்தப் பாஸ்பரஸ் ஆவி உடம்பில் பிஸ்பாஸ்போனேட் போன்ற பொருளாக மாறியிருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் ஊகம். 1906-இல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் தடை ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-இல்தான் தொடங்கியது. எத்தனையோ துன்பங்களைப் பார்த்த அந்த ஊர்த் தொழிலாளிகள் இந்த ஒன்றிலிருந்து தப்பியது, பத்து ஆண்டு முன்பே சட்டம் வந்துவிட்டதால்தான்.

எலும்பு அடர்த்திக்காக வார மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தாடைப் பிரச்சினை மிக அரிது. பத்தாயிரத்தில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு என்பது வல்லுநர் குழுக்களின் மதிப்பீடு. இருந்தாலும் பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்தைத் தொடங்குமுன் முடித்துக்கொள்வது நல்லது.

2005 முதல் இன்னொரு செய்தியும் வந்தது. மருந்தை நீண்ட காலம் சாப்பிட்ட சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதி, பெரிய அடி எதுவும் படாமலே முறிந்தது. காரணம் நம் பூச்சு வேலையிலேயே இருக்கிறது. கொத்துவதை நிறுத்தினால் சுவர் மெலியாது. ஆனால் வருடக்கணக்கில் கொத்தவே விடாவிட்டால் சின்னச் சின்ன விரிசல்கள் சரிசெய்யப்படாமல் சேர்ந்துவிடும். 2010-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை அட்டையிலேயே எச்சரிக்கையாக அச்சிட வைத்தது. ஆசிய மரபுப் பெண்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதும், மருந்தை நிறுத்தினால் விரைவில் குறைகிறது என்பதும் 2020-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு. அதே ஆய்வு, தடுக்கப்பட்ட இடுப்பு முறிவுகள் இந்த அரிய முறிவுகளைவிட மிக அதிகம் என்றும் காட்டியது.

பயம் வேறு விதமாக வேலை செய்தது. 2008-க்கும் 2012-க்கும் இடையில் அமெரிக்காவில் இந்த மாத்திரைகளின் பயன்பாடு பாதிக்கும் கீழே போய்விட்டது. தேவையில்லாதவர்கள் மட்டுமல்ல, மிகவும் தேவைப்பட்டவர்களும் பயந்து நிறுத்திவிட்டார்கள்.

செப்புப் பட்டையும் ஸ்டீல் தகடும்

நம் ஊர் மாகாளேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாட லிங்கம் பிளந்த கதையும், அதைச் செப்புப் பட்டை போட்டுச் சேர்த்து வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் டாக்டரும் தகடும் திருகாணியும் வைத்துச் சேர்த்து அனுப்பிவிடுகிறார். நாமும் 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது' என்று நிம்மதியாகிவிடுகிறோம். உடைந்த எலும்பைச் சேர்த்தாயிற்று. உடைத்த நோய் அப்படியே இருக்கிறது. அடுத்த முறிவு வரிசையில் நிற்கிறது.

2007-இல் வந்த இன்னொரு ஆய்வு இதைத்தான் சோதித்தது. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்த 90 நாட்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றத் தொடங்கியவர்களிடம் புதிய முறிவுகள் குறைந்தன, மரணமும் 28 சதவீதம் குறைந்தது. எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன விழுதலில் எலும்பு முறிந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "இவங்க எலும்பு மெலிவுக்கு என்ன சிகிச்சை டாக்டர்?"

இது நமக்கு வராது என்று நினைக்க இடமில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வட்டாரத்தில் மாதவிடாய் நின்ற 150 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஆஸ்டியோபோரோசிஸ் இருந்தது. அதே போல் பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத வேலூரிலேயே இந்த நிலை.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

மாத்திரை தேவையா, எது, எவ்வளவு காலம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் சில காரியங்கள் உண்டு.

இது சுண்ணாம்பைக் கண்டால் விடாத பொருள் என்று பார்த்தோம். குடலில் பாலோ, கால்சியம் மாத்திரையோ இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். வெறும் வயிற்றில் சாப்பிட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காபியோடு சாப்பிட்டால் அதிலும் 60 சதவீதம் போய்விடும். ஆகவே காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் முழுங்குங்கள். உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் காபி, டிபன், வேறு மாத்திரை எதுவும் கூடாது. படுக்கவும் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். ஃபில்டர் காபிக்கு அரை மணி நேரம் காத்திருப்பது நம் பாட்டிகளுக்குக் கஷ்டம்தான். வாரத்தில் ஒரு நாள்தானே.

மருந்து தொடங்குமுன் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது சொட்டு மருந்து ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போகும்போதும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மருந்து எலும்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்குவதால், பலருக்கு ஐந்து ஆண்டு மாத்திரைக்குப் பிறகு இடைவெளி விடலாமா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். முறிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்குத் தொடரச் சொல்வார்கள். அந்த முடிவுக்கு அவர்களுக்குத் தேவைப்படும் முதல் தகவல், நீங்கள் எப்போது தொடங்கினீர்கள் என்பது. பழைய சீட்டையே காட்டி மருந்துக் கடையில் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கும் வீடுகளும் உண்டு. பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிட்ட வீடுகளும் உண்டு. இரண்டுமே தவறு. இந்த இதழைப் படித்து முடித்ததும் மருந்து டப்பாவை எடுத்து, மாத்திரை தொடங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.